ஓய்வுக்குப் பிறகு வன்னியில் ஊழியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் மனுசனும் ரொறன்ரோவில் இருந்து வந்து விசுவமடுப் பக்கம் ஒரு சின்னச் சபையில் ஊழியம் செய்கிறோம். இருவரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். ஸ்காபரோவில் எங்களைத் தெரிந்தவர்களும், அவர்களுக்குத் தெரிந்தவர்களும் வாட்ஸ்அப்பில் கேட்பது திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான். "எல்லாவற்றையும் ஒருக்கா எழுதி வைத்தால் இனி அதையே அனுப்பிவிடலாமே" என்றார் என் மனுசன். யோசனை அவருடையது, எழுதுகிற வேலை என் தலையில்.

எந்த இடம்? யாழ்ப்பாணமா?

இல்லை. ஏ9 வீதியில் பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பினால் புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 வீதி. கிளிநொச்சி மாவட்டம் முடிந்து முல்லைத்தீவு மாவட்டம் தொடங்குகிற இடத்தில் விசுவமடு. நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிறந்தவர்கள். சின்ன வயதில் எங்களுக்கு வன்னி என்றால் கொழும்புக்குப் போகும்போது பஸ் யன்னலால் தெரிகிற காடு, முறிகண்டியில் பஸ் நிற்கும்போது வாங்குகிற கச்சான், அவ்வளவுதான். அதனால் "சொந்த ஊருக்குத்தானே போயிருக்கிறீர்கள், இதென்ன வெளிநாட்டு ஊழியம்" என்று கேட்கிறவர்களிடம் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கையில் இருப்பது கனடாக் கடவுச்சீட்டு. இங்குள்ள சனம் பட்டது எதையும் நாங்கள் படவில்லை. ஒரே பாஷை கதைக்கிறோம் என்பது பெரிய உதவிதான், ஆனால் அதை வைத்து உரிமை கொண்டாட வந்தால் இரண்டு கிழமையில் முகம் வாடிப்போகும்.

அங்கே என்னதான் செய்கிறீர்கள்? பிரசங்கமா?

பிரசங்கம் போதகர் ஐயாவின் வேலை. அவருக்கு ஒரு சபை இல்லை, பல சபைகள். ஞாயிறு காலை ஒரு இடத்தில் ஆராதனையை முடித்து, அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அடுத்த இடத்துக்கு ஓடுகிறவர். அப்படி ஓடுகிற மனுசனுக்கு ஒரு வீட்டில் ஒரு மணித்தியாலம் கதிரையில் இருந்து கதை கேட்க நேரம் கிடைக்காது. அந்த ஒரு மணித்தியாலம்தான் எங்களிடம் இருக்கிறது. வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

வீடுகளுக்குப் போகிறோம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வயதானவர்கள், பிள்ளைகளே இல்லாமல் போனவர்கள், தனியே பிள்ளை வளர்க்கிற பெண்கள். கச்சேரியில் இருந்தோ வங்கியில் இருந்தோ வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வது, விண்ணப்பம் நிரப்புவது, கிராம சேவகரிடம் கூடப் போவது, கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்தில் இருப்பது. பின்னேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும். என் மனுசன் கனடாவில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், இப்போது சபையின் கணக்குப் புத்தகங்களை எழுதுகிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்ப்ளிஃபயரோடு சண்டை பிடிக்கிறார். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். படுக்கையில் இருக்கிறவரை இடுப்பு முறியாமல் எப்படித் திருப்புவது என்று வீட்டுக்காரருக்குக் காட்டிக் கொடுப்பேன். ஊசி போடுவது, மருந்து கொடுப்பது எதிலும் கை வைக்க மாட்டேன், அது பதிவு செய்த தாதிமாரின் வேலை.

பெரிய திட்டத்தோடு வர நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். 2009க்குப் பிறகு வந்த உதவித் திட்டங்களின் பெயர்ப்பலகைகள் இங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை இன்னும் நிற்கின்றன, துருப்பிடித்து. பலகை இருக்கிறது, திட்டத்தைக் காணவில்லை. இங்குள்ளவர்கள் புது ஆளைக் கண்டதும் முதலில் யோசிப்பது இவர் எப்போது போவார் என்பதுதான். வாரா வாரம் அதே நாளில் படலையைத் திறந்துகொண்டு வந்தால் அந்த யோசனை மெல்ல மெல்லக் குறையும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஐந்து மணிக்கு எழும்பாவிட்டால் நாள் கையை விட்டுப் போய்விடும், வெயில் அப்படி. அவர் கிணற்றடிக்குப் போவார், நான் குசினிக்கு. காஸ் அடுப்பும் இருக்கிறது, விறகடுப்பும் இருக்கிறது. பிட்டுக்கு விறகடுப்புத்தான். இருவருமாக ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்து, தேத்தண்ணீர் குடித்து முடியும் நேரத்துக்குப் பாண் விற்கிற ஓட்டோ பீத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். என் மனுசன் கனகாலம் நாட்டை விட்டு எட்ட இருந்ததால் பாண் ஓட்டோவில் இந்த மெட்டு அவருக்குப் புதிது, ஒவ்வொரு காலையும் சிரிப்பார்.

ஏழரை எட்டுக்குள் வெளிக்கிட்டுவிடுவோம். கிட்ட இருக்கிற வீடுகளுக்கு நடை, எட்டத்துக்கு ஓட்டோ. அவர் மட்டும் சைக்கிளில் போவார், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பதினொன்றரைக்கு வீடு. பிறகு சமையல், சாப்பாடு, படுக்கை. மத்தியானம் படுப்பதைப் பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம், ஊரே படுத்திருக்கும், அந்த நேரம் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற சின்னதுகளும் சாதாரண தரத்துக்குப் படிக்கிற பெரியதுகளும் ஒரே மண்டபத்தில். ஆறரைக்கு இருட்டிவிடும், அதற்கு முதல் பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும், இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

இரவு கரண்ட் இருந்தால் செய்தி பார்ப்போம், இல்லாவிட்டால் திண்ணையில் இருப்போம். ஒன்பதுக்கு நுளம்பு வலைக்குள். வியாழன் மாலை ஜெபக்கூட்டம், சனிக்கிழமை ஆலயம் கூட்டுவது, ஞாயிறு ஆராதனை. திங்கள் எங்கள் ஓய்வு நாள். அன்றைக்குக் கிளிநொச்சிச் சந்தைக்குப் போவோம்.

மதம் மாற்றத்தானே போயிருக்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை நேரே கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும், மனதுக்குள் வைத்துக்கொண்டு சிரிக்கிறவர்களைத்தான் பிடிக்காது. எங்களைச் சுற்றி இருக்கிறவர்களில் கூடப்பேர் சைவர்கள். நாங்கள் யார், எந்தச் சபை என்பதை மறைப்பதில்லை. ஒருவர் தானாக வந்து விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வோம். ஆனால் அரிசிப் பையைக் கையில் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்கிற ஊழியத்தில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. பசித்த வீட்டில் அப்படிக் கேட்பது கடன்காரன் வேலை. வைகாசியில் வட்டாப்பளை அம்மன் பொங்கலுக்கு முழு ஊரும் வெளிக்கிடும்போது பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் வைப்பது என் மனுசன். கிறிஸ்மஸுக்குக் கேக் போனால் தைப்பொங்கலுக்குப் புக்கை வரும்.

மிஷனரி என்றால் வெள்ளைக்காரர்தானே?

பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக் கேட்கிறார்கள். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்தார். இவையெல்லாம் சரி. ஆனால் 1900 அளவிலேயே யாழ்ப்பாணத்து இளைஞர்கள் தாங்களே காசு சேர்த்துத் தொண்டிக்கு, அதாவது இராமநாதபுரக் கரைக்கு, ஊழியர்களை அனுப்பியிருக்கிறார்கள். 1902இல் யாழ்ப்பாணம் வந்த வேதநாயகம் அசரியா அதைக் கண்டுவிட்டுப் போய்த்தான் அடுத்த வருடம் திருநெல்வேலியில் இந்தியன் மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். ஆக, கடல் தாண்டி ஊழியத்துக்குப் போவது எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. வயது போனவர்கள் போவதுதான் கொஞ்சம் புதிது.

சாப்பாடு, தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா?

சாப்பாட்டில் குறையே இல்லை. குளத்து மீன், முருங்கை, சிவப்பரிசி, வளவுத் தேங்காய். சீனி வருத்தம் உள்ளவர்கள்தான் கவனிக்கவேண்டும், ஏனென்றால் போகிற வீடெல்லாம் தேத்தண்ணீர், அதற்குள் சீனி அள்ளிப் போடுவது மரியாதை. "பிளேன்ரீ, சீனி வேண்டாம், ஒரு துண்டு பனங்கட்டி மட்டும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று குடிக்காமல் வருவது சரிவராது.

தண்ணீர் வேறு விஷயம். வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். வவுனியாப் பக்கம் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் இருப்பது எல்லோருக்கும் தெரியும். குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரித்த தண்ணீர் வாங்குகிறோம், குளிக்க, தோய்க்கக் கிணறு. கிணற்றடிச் சீமெந்தில் பாசி பிடிக்கும். இந்த வயதில் பாம்பைவிட அந்தப் பாசிக்குத்தான் நான் பயம், கிழமைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுவோம்.

பாம்பு, யானை, மழை?

பாம்பு உண்டு. இருட்டில் ரோர்ச் லைற் இல்லாமல் முற்றத்துக்கும் இறங்கக் கூடாது, கண்ணாடிப் புடையன் சருகோடு சருகாகக் கிடக்கும். யானை எங்கள் ஒழுங்கைக்கு வருவதில்லை, ஒட்டுசுட்டான் பக்கம் வயல்காரருக்குப் பெரிய தலையிடி. குரங்கு மட்டும் தினமும் வரும், மாங்காய் கடிக்கும், ஓடு உடைக்கும். காட்டுக்குள் போகும் பாதைகளில் சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்காதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை.

மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரைக்கும், சிலவேளை தை வரைக்கும். இரணைமடு நிரம்பிக் கதவு திறந்தால் கீழ்ப் பக்கக் கிராமங்களில் வெள்ளம் நிற்கும். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தாண்டுபோனதைச் சனம் இன்றைக்கும் கதைக்கிறது. வெள்ளத் தண்ணீரில் காலில் புண்ணோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும்.

வருத்தம் வந்தால் என்ன செய்வீர்கள்?

அரச ஆஸ்பத்திரி இலவசம், கிளிநொச்சியில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. அவசரத்துக்கு 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதுவும் இலவசம், 2018இல் வடக்குக்கு வந்தது. நிபுணர் யாரையாவது தனியே காட்டவேண்டும் என்றால் யாழ்ப்பாணம் போய்ச் சனல் பண்ணவேண்டும், அதாவது காசு கட்டி நேரம் பதியவேண்டும். பிரஷர், சீனிக் குளிசைகள் இங்கே கிடைக்கும், ஆனால் கனடாப் பெயர் வேறு, அதனால் குளிசையின் உள்பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். பல்லைச் சரிப்பண்ணிவிட்டு வாருங்கள். இருதயத்தில் பெரிய சிக்கல், டயாலிசிஸ் போன்றவை இருந்தால் தயவுசெய்து வராதீர்கள், ஊழியம் செய்ய வந்தவரைச் சபை பார்க்கவேண்டி வந்துவிடும்.

ஒன்ராறியோக்காரருக்கு: எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 212 நாளுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே இருந்தால் ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) சிக்கலாகும். நீண்ட காலத்துக்கு வெளிக்கிடுகிறவர்கள் போவதற்கு முதலே அவர்களிடம் போய்ச் சொல்லி, விதிவிலக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள், வந்த பிறகு அழுது பயனில்லை.

செலவு யார் தருவது? பென்சன் நிற்குமா?

செலவு எங்கள் பென்சன். சபை வீடு தந்திருக்கிறது, சம்பளம் இல்லை.

பதினெட்டு வயதுக்குப் பிறகு 20 வருடம் கனடாவில் வாழ்ந்திருந்தால் ஓஏஎஸ் (கனடா அரசின் முதியோர் பென்சன்) எந்த நாட்டில் இருந்தாலும் வரும். அந்தளவு வருடம் இல்லாதவர்களுக்கு ஆறு மாதத்தோடு நிற்கும். வேலை செய்த காலத்தில் கட்டிய சிபிபி பென்சனுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஜிஐஎஸ் (வருமானம் குறைந்த முதியோருக்கான மேலதிகக் காசு) எடுக்கிறவர்கள் கவனம், ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியில் இருந்தால் அது யாருக்கும் நிற்கும். எங்கள் சனத்தில் நிறையப் பேர் அதை நம்பித்தான் வாடகை கட்டுகிறார்கள்.

விசா?

இலங்கையில் பிறந்தவர்கள் இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டு வருவதுதான் நிம்மதி. மற்றவர்கள் சபை மூலமாக வதிவிட விசாவுக்குப் போடவேண்டும். சுற்றுலா விசாவில் வந்து ஊழியம் செய்யக் கூடாது. "ஆர் பார்க்கப் போறான்" என்று சொல்லித் தருகிறவர்கள் உங்களைப் பிடித்தால் வந்து நிற்க மாட்டார்கள்.

இருபத்துநாலு மணித்தியாலமும் இருவரும் ஒன்றாக, சண்டை வராதா?

வரும். கனடாவில் அவர் ஒரு வேலை, நான் ஒரு ஷிஃப்ட், பார்த்துக்கொள்வதே ஞாயிற்றுக்கிழமை. இங்கே எந்நேரமும் ஒருவர் முகத்தில் ஒருவர். போன வீட்டில் நான் கதைத்துக்கொண்டு இருக்கும்போது அவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். அவருக்கு ஐந்து வீடு முடிக்கவேண்டும், எனக்கு ஒரு வீடு போதும். "இஞ்சாருங்கோ, நீங்கள் போய்ச் சபைக் கணக்கைப் பாருங்கோ, நான் பிறகு வாறன்" என்று அனுப்பிவிடுவேன். திங்கட்கிழமை சந்தையில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இரண்டு மணித்தியாலம் கழித்து பஸ் நிலையத்தில் சந்திப்போம். இந்த ஏற்பாடு எங்கள் கலியாணத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று அவர் எல்லோரிடமும் சொல்வார்.

யுத்தத்தைப் பற்றிக் கதைப்பார்களா?

நாங்கள் கேட்பதில்லை. இது ஒன்றுதான் நாங்கள் கண்டிப்பாக வைத்திருக்கிற விதி. இறுதி நாட்களில் எங்கே இருந்தீர்கள், யார் யார் செத்தது என்று விடுப்புக் கேட்க வந்துபோகிற வெளிநாட்டுத் தமிழரை இவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் கதை தானாக வரும், எதிர்பாராத பக்கத்தால். ஒரு அம்மாவுக்கு நான் மாதா மாதம் குளிசைப் பைகளில் பேனையால் சூரியனும் நிலவும் கீறிக் கொடுப்பேன், காலைக்கு எது இரவுக்கு எது என்று தெரிய. அவர் கிளினிக் கொப்பியை ஒரு சொப்பிங் பைக்குள் சுற்றி, அதை இன்னொரு பைக்குள் சுற்றி வைத்திருப்பார். கொப்பியோடு அதற்குள் யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் கொடுத்த அட்டை, மகனின் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை, மகனைக் காணவில்லை என்று கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், எல்லாம் ஒரே அளவாக மடித்து. நான் குளிசையைப் பிரித்து வைக்க வைக்க அவர் தேர்ச்சி அறிக்கையை விரித்து "கணக்கில எண்பத்தி ரெண்டு பாருங்கோ" என்றார். நான் பார்த்தேன். சமூகக்கல்வியில் குறைவு, அதற்கு யார் வாத்தியார், அவர் எப்படி அடிப்பார் என்பதெல்லாம் சொன்னார். அன்றைக்கு ஜெபம்கூடப் பண்ணவில்லை, அவர் கேட்கவில்லை, நானும் இடையில் புகவில்லை.

கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டம் இப்படிப்பட்ட அம்மாக்களுடையது. மே மாதம் யுத்தத்தின் இறுதி நாட்களின் நினைவாக ஊரெல்லாம் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவார்கள், வெறும் அரிசியும் உப்பும். கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், படம் எடுக்காதீர்கள்.

காசு கேட்பார்களா?

கேட்பார்கள். கனடாவில் இருந்து வந்த ஆளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? நுண்கடன் கட்ட முடியாமல் திண்டாடுகிற பெண்கள் இங்கே அதிகம், கிழமைக் கிழமை வாசலில் வந்து நிற்பார்கள் கடன் கொடுத்தவர்கள். ஆனாலும் நாங்கள் தனிப்பட்ட முறையில் யாருக்கும் காசு கொடுப்பதில்லை. கொடுப்பது எதுவானாலும் சபைக் குழு மூலம், இரண்டு கையெழுத்தோடு, புத்தகத்தில் எழுதி. கல்நெஞ்சக்காரி என்று பெயர் வந்தாலும் பரவாயில்லை. ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுப் படலையைத் திறக்கும்போது அந்த வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்க முடியாது.

பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி இருக்கிறீர்கள்?

கஷ்டம்தான். கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம், அவர்கள் பள்ளிக்கூடம் வெளிக்கிடுகிற நேரம் எங்களுக்குப் பின்னேரம். சின்னவன் வீடியோவில் குரங்கைக் காட்டச் சொல்வான், எங்களை அல்ல.

சந்தோஷமான நாள் எது?

அறுவடைத் திருநாள். காலபோக வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகு, மாசி அளவில். ஆலயத்துக்குள் நெல் மூட்டை, பூசணி, பப்பாளி, முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய சேவல் என்று எல்லாம் பீடத்தடியில் குவிந்துவிடும், சேவல் பிரசங்கத்துக்கு நடுவில் கூவும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஒரு பூசணிக்காயை ஒருவர் சந்தை விலையின் பல மடங்குக்கு எடுப்பார், எடுத்த கையோடு "திரும்பப் போடுங்கோ" என்று சபைக்கே கொடுப்பார், அடுத்தவர் அதைவிடக் கூட்டிக் கேட்பார். ஒரே பூசணி அரை மணித்தியாலம் சுற்றும். கணக்கு எழுதுகிற என் மனுசனுக்கு யார் கடைசியாக எடுத்தது, யார் காசு கட்டியது என்று தலை சுற்றும். போன முறை கடைசியில் அந்தப் பூசணியை வாங்கியது சபையிலேயே கஷ்டப்பட்ட ஒரு வீட்டுக்காரி, எல்லோரும் கேட்பதை நிறுத்திவிட்டு அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவர் திருப்பிப் போடவில்லை, கொண்டுபோய்க் கறி வைத்தார்.

வர விருப்பம். யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் சபைப் போதகரிடம். அங்கிருந்து இங்குள்ள திருச்சபை அலுவலகத்துக்குக் கடிதம் வரவேண்டும், பிறகுதான் வீடு, விசா எல்லாம். கடிதம் இல்லாமல் நேரே வந்து இறங்காதீர்கள். முடிந்தால் முதல் தடவை மழைக்காலத்தில் இரண்டு மாதம் மட்டும் வந்து இருந்து பாருங்கள். தோய்த்த உடுப்புக் காயாமல், கரண்ட் இல்லாமல், முற்றமெல்லாம் சேறாக இருக்கிற காலம் அது. அதற்குள் இருவரும் கதைத்துப் பேசி இருக்க முடிந்தால் மற்ற மாதங்கள் பிரச்சினை இல்லை. பெட்டியில் சொக்கலேற்றைக் குறைத்து, சாதாரண வாசிப்புக் கண்ணாடிகள் கொஞ்சம் போட்டுக்கொண்டு வாருங்கள், வேதப்புத்தகம் வாசிக்க முடியாமல் இருக்கிறவர்கள் இங்கே நிறைய.